ஹவ் இல்ல தம்பி, வாட்

போனை வச்சிட்டீங்கல்ல தம்பி? கோவிச்சுக்கிடாதீங்க, பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு நான் காதைப் பொத்திக்கிட முடியாது. விருதுநகர்லருந்து கேட்டுட்டு வர்றேன். 'ஹவ் டஸ் இட் லுக் லைக், ஹவ் டஸ் இட் லுக் லைக்'னு அந்த ஆளைப் போட்டு வறுத்தெடுத்துட்டீங்க. டை கட்டியிருக்கீங்க, மடியில லேப்டாப் வச்சிருக்கீங்க, கழுத்துல கம்பெனிப் பட்டை தொங்குது, கேள்வி கேக்க மட்டும் தெரியல. ஹவ் இல்ல தம்பி, வாட். 'வாட் டஸ் இட் லுக் லைக்'. பின்னால லைக் வந்துட்டா முன்னால ஹவ் வரப்படாது. ஹவ்தான் வேணும்னு அடம் பிடிச்சா லைக்கைத் தூக்கிப் போட்டுருங்க. இதுல என்ன பெரிய கஷ்டம் இருக்கு?

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. மதுரையில முப்பத்தஞ்சு வருஷம் டுடோரியல் நடத்துனவன் நான். பேச்சிமுத்து சார்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். பத்தாங்கிளாஸ்ல இங்கிலீஷ்ல கோட்டை விட்டவன் பூராவும் என்கிட்டதான் வந்து விழுவான். நம்ம ஜனங்களுக்கு எதை எடுத்தாலும் 'எப்படி'தான் தம்பி. இதை எப்படிச் சொல்லுவாங்க, அது பாக்க எப்படி இருக்கும், உங்க ஊரு எப்படி. அந்த எப்படியை அப்படியே கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் இங்கிலீஷ்ல உக்கார வச்சா வெளங்குமா? ஒரே ஒரு கேள்வி கேட்டான்னா போதும், அவன் படிச்ச லட்சணத்தை நான் சொல்லிருவேன்.

எங்க போறேன்னா, திருநெல்வேலிக்குப் போறேன். சின்ன வேலை. இன்னிக்குக் கோவில்பட்டியில என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். ஆமா, கூடப் பொறந்த தங்கச்சி. ஒன்பதரைக்கு முகூர்த்தம். எங்க பக்கத்துல தாய்மாமன் எடுத்துக் குடுக்கிற பட்டு வேட்டியைக் கட்டி, தாய்மாமன் மாலை போட்டாத்தான் மாப்பிள்ளை மணவறையில உக்கார முடியும். அந்தத் தாய்மாமன் இந்தா உங்க பக்கத்துல உக்காந்து, கோவில்பட்டியைத் தாண்டிப் போறதுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருக்கான். ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, உங்க வயசுக்காரங்களுக்கு அந்த நாட்டமெல்லாம் ஏது. நானே சொல்றேன்.

தங்கச்சி பேரு செண்பகம். மச்சான் அய்யாதுரை தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கார். ஆபீஸ்னதும் ஏசி, சுத்துற நாற்காலின்னு நினைச்சுக்கிடாதீங்க. எங்க ஊர்ல தீப்பெட்டி செய்ற இடத்துக்கே அதான் பேரு. மச்சான் நல்ல மனுஷன், ஆனா இங்கிலீஷ்ல பூஜ்யம். அவங்க மகன் ஜெயகணேஷ் ஜெர்மனியில வேலை பாக்கான். அங்க அன்யான்னு ஒரு ஜெர்மன்காரப் பொண்ணைப் பிடிச்சுப் போச்சு, கட்டுனா அவளைத்தான் கட்டுவேன்னுட்டான். சரின்னு எல்லாரும் தலையாட்டுனோம். பொண்ணோட அப்பா அம்மா மாப்பிள்ளை வீட்டைப் பாத்து நிச்சயம் பண்ண வர்றாங்கன்னு முடிவானதும் செண்பகம் எனக்குப் போன் பண்ணி, 'அண்ணே, வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும், நீ வந்து எங்களுக்குச் சொல்லிக் குடு'ன்னா. ரொம்பக் கெஞ்சுனா தம்பி. இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க, கூப்பிட்டது அவ.

போனேன். வெளிமுத்தத்துல பாயை விரிச்சு ஒரு குடும்பமே உக்காந்திருக்கு. செண்பகம், மச்சான், மச்சானோட அண்ணன் சம்சாரம் வேலுத்தாய், அவ மருமகள், இன்னும் யார் யாரோ. வாட் இஸ் யுவர் நேம்ல ஆரம்பிச்சேன். என்ன கூத்துங்கிறீங்க! 'ஹவ் யுவர் நேம்'ங்கிறா என் தங்கச்சி. வாட்னு திருத்துனா, 'வாட் ஆர் யூ'ன்னு மச்சான் ஆரம்பிக்கார். வந்த சம்பந்தியைப் பாத்து நீ என்ன பொருள்னு கேட்டா அவன் உக்காருவானா, ஓடுவானா? வேலுத்தாய் ஒருநா பிந்தி வந்தா. 'ஹவ் கம் யூ ஆர் லேட்?'னு கேட்டேன். 'ஆட்டோல'ங்கிறா! ஹவ் கம்னா ஏன்னு அர்த்தம், எப்படி வந்தேன்னு இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். 'ஏன்னு கேக்கணும்னா ஏன்னு கேட்டுத் தொலைய வேண்டியதுதானே, அதுக்கு எதுக்குச் சுத்தி வளைக்காங்க'ன்னு என்னையே கேக்கா. கூறு கெட்ட ஜனம்.

ஜெயகணேஷ் ஜெர்மனியிலருந்து போன்ல, 'மாமா, ரொம்பப் போட்டு அவங்களை வாட்டாதீங்க, அன்யா அப்பா அம்மாவுக்கே இங்கிலீஷ் சுமாராத்தான் வரும்'னான். பய அடக்கமாச் சொல்றான்னு நினைச்சேன். வெள்ளைக்காரனுக்கு இங்கிலீஷ் வராதுன்னா கேக்கிறவன் கேணையனா? நான் விடல. அவங்க வர்றதுக்கு முந்தின சாயந்தரம் ஒவ்வொருத்தரையா நிப்பாட்டி வச்சுக் கேள்வி கேட்டேன். ஒருத்தர் தேறல. ஒருத்தர்கூட! அப்பச் சொன்னேன், 'நாளைக்கு எவரும் வாயைத் திறக்கப்படாது. வர்றவங்களைப் பாத்துக் கும்பிடுங்க, சிரிங்க, பரிமாறுங்க. கேள்வி கேக்கிறது, பதில் சொல்றது பூராவும் என் பொறுப்பு. தப்பாக் கேட்டுக் குடும்ப மானத்தை வாங்குறதுக்குக் கேக்காமலே இருக்கலாம்'னு. அந்த வீட்ல தாய்மாமன் சொல்லுக்கு மறு சொல்லு கிடையாது தம்பி. எல்லாரும் சரின்னுட்டாங்க. செண்பகம் மட்டும், 'அந்தப் பிள்ளைகிட்ட சாப்பிட்டியான்னு கூடவா கேக்கப்படாது?'ன்னா. கேக்கப்படாதுன்னேன்.

மறுநாள் ஜெயகணேஷ் கூட வந்து இறங்குனாங்க. அப்பன்காரன் டீட்டர், ஆள் நல்ல உயரம், கதவு சன்னல் செய்ற தச்சு வேலை. அம்மாக்காரி பேரு பிர்கிட், ரெண்டு காலும் வீங்கிப் போய் நடக்க முடியாம வந்துச்சு. அன்யா சுடிதார் போட்டு, பொட்டு வச்சு, நல்ல லட்சணமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எங்க ஆளுங்க நான் சொன்னபடி வரிசையா நின்னு கும்பிட்டாங்க. சிரிச்சாங்க. அதுக்கப்புறம் பேச்சு மூச்சு இல்ல. நான் கேட்டேன், 'வாட் வாஸ் யுவர் ஜர்னி லைக்?' எவ்வளவு சுத்தமான கேள்வி பாருங்க! அந்த ஆள் முழிக்கான். மறுபடியும் கேட்டேன். 'யெஸ்'ங்கிறான். யெஸ்ஸாம்! வாட்டுக்கு யெஸ்னு எவனாவது பதில் சொல்லுவானா? அப்பத்தான் தம்பி, எனக்கு உறைச்சுச்சு. ஜெயகணேஷ் சொன்னது நிசம். வெள்ளைத் தோலை வச்சுக்கிட்டு இங்கிலீஷ் தெரியாம ஒரு மனுஷன் இருக்கானேன்னு எனக்கு அருவருப்பாப் போச்சு.

ஜெயகணேஷ் அந்நேரம் பெட்டிகளை இறக்கிட்டு, வண்டிக்காரனை அனுப்பிட்டு வர்றதுக்காக வெளிய நின்னான். உள்ள நாங்க மட்டும். அந்த டீட்டர் சாமி படத்துக்கு முன்னால கிடந்த தீப்பெட்டியை எடுத்தான். ஒரு குச்சியை உருவி, மோந்து பாத்தான். நகத்தால கீறிப் பாத்தான். தச்சன்ல, மரத்தைப் பாத்ததும் முகமே மாறிடுச்சு. அதைத் தூக்கிக் காட்டி நேரா மச்சானைப் பாத்து, 'ஹவ் இஸ் திஸ் வுட் கால்டு?'ன்னான். மச்சானுக்கா தெரியாது? கேரளாவுலருந்து வர்ற மட்டி மரம், வருஷக்கணக்கா லோடு லோடா இறக்குறவர். அவருக்கு அந்தக் கேள்வியும் எப்படியோ புரிஞ்சுபோச்சு. 'மட்...'னு வாயைத் திறந்துட்டார். நான் கையைக் காட்டி நிறுத்துனேன்.

நீங்களே சொல்லுங்க, தப்பைக் காதால கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா? 'நாட் ஹவ், மிஸ்டர் டீட்டர். வாட். வாட் இஸ் திஸ் வுட் கால்டு. ரிப்பீட் ஆஃப்டர் மீ'ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன், மிஸ்டர் போட்டேன். அவன் திருப்பிச் சொன்னான். 'ஹவ்... வாட் இஸ்'னு தடுமாறுனான். ஒன்ஸ் மோர்னேன். காதெல்லாம் செவந்துபோச்சு அந்த ஆளுக்கு. ஆனா சரியாச் சொல்லிட்டான். எனக்குப் பெருமை. 'வெரி குட், ப்ளீஸ் சிட்'னேன். உக்காந்து, குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சு மூடி, எடுத்த இடத்துலயே வச்சிட்டான். மரத்துக்கு என்ன பேருன்னு எவரும் அவனுக்குச் சொல்லவும் இல்ல. அது எனக்கு அப்பத் தோணல.

இலை போட்டுச் சாப்பாடு. அந்தப் பக்கம் மூணு பேரும் குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிடுறாங்க. இந்தப் பக்கம் எங்க ஜனம் கையில வாளியை வச்சுக்கிட்டுச் சிரிச்சுட்டே நிக்குது. வைக்கவான்னு கேக்கணும்ல, கேக்காமலே வச்சா. ரசத்துக்கு மேல பாயசத்தை ஊத்திட்டா வேலுத்தாய். அந்தப் பொண்ணு பாதியில எந்திரிச்சு கை கழுவப் போன இடத்துல அழுதுட்டு நின்னிருக்கு. எனக்குத் தெரியாது. நான் டீட்டருக்கு வாட் அபவுட்டுக்கும் ஹவ் அபவுட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிட்டிருந்தேன்.

சாப்பிட்டு அவங்களை மாடி ரூமுல படுக்கச் சொல்லி விட்டாச்சு. கொஞ்ச நேரத்துல ஜெயகணேஷ் கீழ வந்தான். அவன் முகத்தைப் பாக்க முடியல. 'மாமா, அவங்க நாளைக்கே கிளம்புறேங்காங்க. டிக்கெட் மாத்தச் சொல்றாங்க. உங்க வீட்ல யாருக்கும் எங்க பொண்ணைப் பிடிக்கல, வந்ததுலருந்து ஒருத்தர்கூட அவளை ஒரு கேள்வி கேக்கல, இங்க அவளை எப்படி விடுவோம்னு அவங்க அம்மா கேக்குது. அன்யாவும் அழுறா. என்ன நடந்துச்சு இங்க?'ன்னான். மச்சான் என்னைப் பாத்தார். வேலுத்தாய் என்னைப் பாத்தா. வாயைத் திறந்து சொல்லேன்! சொல்ல மாட்டாங்க, முந்தின நா நான் போட்ட உத்தரவு அப்பத்தான் ஞாபகம் வருது கழுதைகளுக்கு.

செண்பகம் எந்திரிச்சா. அடுப்படிக்குப் போனா. காப்பி போட்டுத் தட்டுல வச்சுக்கிட்டு, கக்கத்துல எண்ணெய்ப் பாட்டிலை இடுக்கிக்கிட்டு மாடியேறுனா. என்னமோ பண்ணப் போறாளேன்னு நானும் பின்னாலயே போனேன். கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள போனவ நேரா அந்தப் பிர்கிட் அம்மா காலடியில தரையில உக்காந்துட்டா. காலைத் தொட்டு, 'ஹவ் லெக்?'ங்கிறா. அந்தம்மா பாக்குது. 'ஹவ் பெயின்? ஹவ் யூ ஈட்? ஹவ் சன் எத்தனை? ஹவ் உங்க அம்மா?'ன்னு, தமிழ் பாதி, ஹவ் பாதி, கொட்டிட்டே போறா. ஒரு கேள்வி உருப்படியா இல்ல தம்பி. ஒண்ணுகூட! எனக்கு உடம்பு கூசுது. அந்தம்மா என்ன பண்ணுச்சுன்னு நினைக்கிறீங்க? செண்பகம் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுச்சு. அப்புறம் சிரிச்சுச்சு. காலை நீட்டிக் காட்டி அது பாட்டுக்கு ஜெர்மன்ல எதையோ சொல்லுது. இவ எண்ணெயைத் தேச்சுக்கிட்டு, 'ஆமாக்கா, ஆமாக்கா'ங்கிறா. என்னத்தைக் கண்டாளோ ஆமாங்கிறதுக்கு.

நான் என் கடமையைத்தான் செஞ்சேன். கதவுகிட்ட நின்னுக்கிட்டு, 'செண்பகம், ஹவ் லெக் இல்லம்மா. வாட் இஸ் தி மேட்டர் வித் யுவர் லெக். எங்க, சொல்லு பாப்போம்'னேன்.

திரும்பிப் பாத்தா தம்பி. எண்ணெய்க் கையோட. அறுபது வருஷத்துல என் முகத்தைப் பாத்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவ. 'அண்ணே, நீ கீழ போய் உக்காரு'ன்னா. கத்தல. கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பச்சைப் பிள்ளையை வெளிய போய் விளையாடுன்னு சொல்ற மாதிரி சொன்னா. அதுவும் யார் முன்னால? வாட் எது, ஹவ் எதுன்னு தெரியாத அந்தத் தச்சன் முன்னால. அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, என்னைப் பாத்துச் சின்னதாத் தலையை ஆட்டுனான். அவன் எனக்குப் பரிதாபப்படுறான்! அவன்!

கீழ வந்து பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். வாசல்ல செருப்பு மாட்டும்போது கேக்குது, மாடியில ஒரே சத்தம். எல்லாரும் ஏறிப் போயிட்டாங்க. வேலுத்தாய் 'ஹவ் ரசம்? ஹவ் பாயசம்?'னு ஏலம் போடுறா. மச்சான் 'மட்டி, மட்டி'ன்னு கத்துறார். அந்த ஆள் 'மட்டி, மட்டி'ன்னு திருப்பிக் கத்துறான். சந்தைக்கடை தோத்துது போங்க. முப்பத்தஞ்சு வருஷம் நான் கட்டி வச்சது பூராவும் அந்த மாடிப்படியில உருண்டு வந்து விழுது. ஒருத்தரும் என்னைப் போகாதேன்னு சொல்லல. நான் போனதே தெரியாதுங்கிறதுதான் நிசம்.

அப்புறம் என்ன, நிச்சயம் நடந்துச்சு, கல்யாணத் தேதி குறிச்சாச்சு. மூணு வாரமாச் செண்பகம் போன் பண்ணல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை, 'அண்ணே, தெரியாமச் சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்தை, அவ வாயிலருந்து வரணும். வரட்டும்னு இருந்தேன். மச்சானும் ஜெயகணேஷும் தட்டு, பழத்தோட பத்திரிகை வைக்க வந்தாங்க. இவ வரல, பெரிய வேலை போல. பத்திரிகையில இங்கிலீஷ் பக்கத்தைச் செவப்பு மையில திருத்திக் குடுத்தேன். மச்சான் வாங்கி மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, 'வந்துருங்க மச்சான்'னார். பாக்கலாம்னேன். என் சம்சாரம் இருக்காளே, அவளுக்கு ரோஷம்னா என்னன்னே தெரியாது, முந்தாநாளே பெட்டியைக் கட்டிட்டுப் போயிட்டா. அங்க போய் ஆறு போட்டோ அனுப்பியிருக்கா. எல்லாத்துலயும் பல்லு. அந்த டீட்டர் எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிற சட்டத்தைக் கழட்டிப் போட்டுச் சரி பண்ணிட்டிருக்கான். போட்டோவுக்குக் கீழ 'ஹவ் இஸ் இட்'னு எழுதியிருக்கா என் பொண்டாட்டி. நாலு பேரை நான் எப்படித் திருத்துறது, சொல்லுங்க!

நான் வரலேன்னா வரலதான். யாரும் வந்து காலைப் பிடிச்சாலும் சரி. மாமன் இல்லாம மாலை எவன் போடுறான்னு பாப்போம். அந்தப் பையன் தொட்டில்ல சுருண்டு கிடந்த காலத்துலருந்து தூக்கி வளத்தவன் நான். என் வேட்டியைத்தான் அவன் கட்டணும்னு எப்பவோ முடிவானது. பையை என்ன அப்படிப் பாக்கிறீங்க? ஆமா, பட்டு வேட்டிதான். மடிப்புக் கலையக் கூடாதுன்னு மடியில வச்சிருக்கேன். எடுத்தது எடுத்தாச்சு, திருநெல்வேலிக் கடையில திருப்பிக் குடுக்கத்தான் போறேன். மதுரையில எடுத்த வேட்டியைத் திருநெல்வேலியில வாங்குவாங்களான்னா, வாங்குவான், ஏன் வாங்க மாட்டான்? நீங்க வேற. கூட ஒரு சட்டையும் இருக்கு, அளவுக்கு ஜெயகணேஷோட பழைய சட்டை ஒண்ணு வீட்ல கிடந்துச்சு, அதை வச்சு எடுத்தேன். ஜெர்மனியில சாப்பிட்டுச் சதை போட்டிருக்கானோ என்னவோ, பத்துமான்னு தெரியல. எனக்கென்ன வந்துச்சு, நான்தான் போகப் போறதில்லையே.

இருங்க தம்பி, போன். யாரு... செண்பகம். பாத்தீங்களா! பாத்தீங்களா, வந்தா பாருங்க வழிக்கு. முகூர்த்தம் நெருங்குனதும் அண்ணன் ஞாபகம் வந்துருச்சு அவளுக்கு. வர்றியா மாட்டியான்னு கேப்பா. வரலேன்னு ஒரே சொல்லு. ஏன்னு கேப்பா. அப்ப இருக்கு அவளுக்கு. என்னென்ன சொல்லணும்னு வரிசையா வச்சிருக்கேன், நீங்களே கேளுங்க.

ஹலோ. ம்... சாத்தூர் தாண்டிட்டேன். ம். ம். சரி, வச்சிரு.

என்ன கேட்டாங்கிறீங்களா? 'அண்ணே, எங்க வந்துட்டிருக்க?'ங்கிறா. எங்கவாம்! வர்றியான்னு கேட்டா வரலேன்னு சொல்லலாம். ஏன் வரலேன்னு கேட்டா ஒரு மணி நேரம் சொல்லலாம். எங்க வந்துட்டிருக்கேன்னு கேட்டா, சாத்தூர்னுதானே தம்பி சொல்ல முடியும்? வேற என்னத்தைச் சொல்றது? மன்னிப்புன்னு ஒரு மூச்சு விடல. நான் வராம இருந்துருவேங்கிற நினைப்பே அவளுக்கு இல்ல. எந்த இடத்துல எதைக் கேக்கணும்னு இந்த வயசுலயும் தெரியல பாருங்க, இவளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்க!

கண்டக்டர்! கண்டக்டர் சார்! கோவில்பட்டி விலக்குல நிறுத்துங்க, ஆள் இறங்கணும். திருநெல்வேலி டிக்கெட்டா இருந்தா என்னய்யா, நடுவுல இறங்கக் கூடாதா? காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி, பை நசுங்குது. மாப்பிள்ளைப் பய குளிச்சிட்டு இடுப்புல துண்டோட உக்காந்திருக்கானாம்.